ஆசிரியர் பயிற்சி இல்லாமலே உரிமம் என்று விற்கிறார்கள், பணம் கட்டாதீர்கள்

பட்டம் முடித்துவிட்டு வேறு வேலையில் இருப்பவர்களைக் குறிவைத்து ஓர் ஆன்லைன் நிறுவனம் ஆசிரியர் உரிமம் கிடைக்கும் என்று படிப்பு விற்கிறது. நானும் அதில் சேர்ந்தேன். "120 மணி நேரம் போதும். இங்கிலாந்து, அமெரிக்கா, எங்கே வேண்டுமானாலும் பள்ளியில் பாடம் நடத்தலாம்" என்று போனில் உறுதியாகச் சொன்னார்கள். முழுக் கட்டணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள்.

கிடைத்ததெல்லாம் வீடியோக்களும், சரியான விடையை டிக் செய்யும் தேர்வுகளும்தான். தப்பானால் திரும்பத் திரும்ப எழுதலாம். ஒரு மாணவர் முன்னால்கூட நான் நிற்கவில்லை. நான் பாடம் நடத்துவதை யாரும் பார்க்கவும் இல்லை. அப்புறம் பெரிய முத்திரையோடு ஒரு சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது.

விண்ணப்பித்த பள்ளியில், "இந்த உரிமத்தை எந்த அரசு அமைப்பு கொடுத்தது?" என்று கேட்டார்கள். நிறுவனத்திடம் கேட்டால், "சர்வதேச அங்கீகாரம்" வேண்டுமென்றால் தனிக் கட்டணமாம். அங்கீகாரம் தருவதாகச் சொன்ன அமைப்பைத் தேடிப் பார்த்தேன். அதை நடத்துவதும் இவர்களேதான்!

பயிற்சிக் கல்லூரிக்குப் போகாமல் ஆசிரியராக நேர்மையான வழிகள் உண்டு, அதனால்தான் இந்த விளம்பரம் எடுபடுகிறது. இங்கிலாந்தில், ஏற்கெனவே பள்ளிகளில் பாடம் நடத்திய அனுபவமுள்ள பட்டதாரிகள் மதிப்பீட்டின் மூலமே க்யூ.டி.எஸ். எனப்படும் அதிகாரபூர்வ ஆசிரியர் தகுதியைப் பெறலாம். ஆனால் அவர்கள் பாடம் நடத்துவதைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அங்கேயே டீச் ஃபர்ஸ்ட் என்ற ஆசிரியர் பயிற்சித் திட்டத்தில் பள்ளியில் சம்பளம் வாங்கிக்கொண்டே பயிற்சி பெறலாம். அமெரிக்காவில் உரிமம் தருவது அந்தந்த மாநிலம். பல மாநிலங்களில் மாற்று வழிகள் இருக்கின்றன, ஆனால் எல்லா நாட்டுக்கும் செல்லும் ஒரே உரிமம் என்று எதுவுமே கிடையாது.

அந்த 120 என்ற எண்ணும் சும்மா வந்ததில்லை. ஆங்கிலம் கற்பிப்பதற்கான கேம்பிரிட்ஜின் செல்டா படிப்பும் குறைந்தது 120 மணி நேரம்தான். அதில் 6 மணி நேரம் நிஜமான மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும், பயிற்சியாளர் உட்கார்ந்து மதிப்பிடுவார். இவர்கள் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

உங்களுக்கும் இப்படி அழைப்பு வந்தால், உரிமம் தரும் அரசு அமைப்பின் பெயரை எழுத்தில் கேளுங்கள். பிறகு அந்த அமைப்புக்கே எழுதி விசாரியுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "உரிமத்துக்கு உத்தரவாதம் இல்லை" என்று விதிமுறையின் கடைசிப் பக்கத்தில் இருந்த வரியைக் காட்டினார்கள். விளம்பரத்தின் படங்களோடு கார்டு நிறுவனத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இன்னும் விசாரணையில்தான் இருக்கிறது.