பிடித்த படத்தைப் போட ஃப்ளிக்கரா, இன்ஸ்டாகிராமா?

சமீபத்தில் எடுத்ததில் மனசுக்குப் பிடித்த நாலைந்து படங்களை, படம் பகிர்வதற்கான இணையதளமான ஃப்ளிக்கரில் போடுவதா, இன்ஸ்டாகிராமில் போடுவதா? புதிதாகக் கேமரா வாங்கிய பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு.

தரம்
இன்ஸ்டாகிராம்: போன் திரைக்கு ஏற்றபடி படத்தைச் சுருக்கிவிடும். வேடந்தாங்கலில் எடுத்த மஞ்சள் மூக்கு நாரையின் வால் பக்கத்து இளஞ்சிவப்புச் சிறகில் ஒவ்வொரு இழையும் தெரிய நீங்கள் ஃபோகஸ் செய்திருப்பீர்கள். அங்கே அது வெறும் நிறத் திட்டாகிவிடும்.
ஃப்ளிக்கர்: கணினித் திரை நிறையப் பார்க்கலாம். இழை தெரியும்.

கற்றுக்கொள்ள
ஃப்ளிக்கர்: ஷட்டர் வேகம் (ஒளி பதிவாகும் நேரம்), அப்பெர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்), லென்ஸ் எல்லாம் படத்துக்குக் கீழேயே வரும். பறக்கும் பறவையை ஒருவர் 1/2000 வினாடியில் எடுத்திருக்கிறார் என்று பார்த்ததும் நம் படம் ஏன் கலங்கியது என்று புரிந்துவிடும். எனக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.
இன்ஸ்டாகிராம்: நாமே எழுதினால்தான் உண்டு.

செலவு
இன்ஸ்டாகிராம்: இலவசம்.
ஃப்ளிக்கர்: 1000 படம் வரை இலவசம், பிறகு சந்தா. பொறுக்கிப் போடுபவருக்கு 1000 தாராளம்.

ஆள் கூட்டம்
இதில் இன்ஸ்டாகிராமை அடிக்க முடியாது. சொந்தபந்தம், நண்பர்கள் எல்லாரும் அங்கேதான்.

கல்யாணம், பிறந்தநாள் என்று ஆர்டர் பிடிக்க நினைப்பவர்கள் இன்ஸ்டாகிராமுக்கே போங்கள். பறவை, கோயில் சிற்பம், இயற்கைக்காட்சி என்று நுணுக்கமாக எடுப்பவர்களும், கை பழக விரும்புகிறவர்களும் ஃப்ளிக்கரில் கணக்குத் தொடங்குங்கள். எங்கே போட்டாலும் ஒரிஜினல் ஃபைலை ஹார்ட் டிஸ்கில் தனியாக வைத்திருங்கள்.