தக்கலைக் கிணற்று நீரும் யூ.வி. விளக்கும்: ஒரு நீண்ட கால அனுபவம்

ஒக்கிப் புயலுக்கு முந்தைய ஆண்டு வாங்கிய யூ.வி. (புற ஊதாக் கதிர்) சுத்திகரிப்பான் எங்கள் சமையலறையில் இன்றும் ஓடுகிறது. குமரி மாவட்டத்தில் கிணற்று நீர் குடிக்கும் குடும்பங்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். எந்த ஊர்க் கிணறு என்று மட்டும் முதலில் கேட்பேன்.

தக்கலையில் எங்கள் கிணற்று நீரின் டி.டி.எஸ்., அதாவது அதில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் அளவு, நூறைத் தொடுவதில்லை. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். இவ்வளவு நல்ல நீரில் பாதியைச் சாக்கடைக்கு அனுப்பி உப்பை நீக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தைத்தான் எங்களிடமும் விற்கப் பார்த்தார்கள். எங்களுக்குத் தொல்லை உப்பு அல்ல, கிருமி. ஐந்து சென்ட் மனைகளில் கிணறும் கழிவறைத் தொட்டியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் நீர்மட்டம் ஏறும்போது இரண்டும் கலந்துவிடுகின்றன. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில் மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா இருந்தது. கடலோரத்தில் உப்பேறிய கிணறு என்றால் கதை வேறு, உப்பை யூ.வி. தொடாது.

பாதரச விளக்கிலிருந்து வரும் 254 நானோமீட்டர் கதிர் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகிறது, அதற்குப் பிறகு அதனால் பெருக முடியாது. குளோரினுக்கு அடங்காத, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிரியும் இதற்கு அடங்கும். பிளீச்சிங் பவுடர் வாடை கிடையாது. பதிமுக மரச் சீவல் போட்டுக் குடிக்க ஆசைப்படும் நாளில் மட்டும்தான் இப்போது எங்கள் வீட்டில் குடிநீர் அடுப்பேறுகிறது.

ஆனால் கலங்கிய நீரில் இந்தக் கதிர் ஊடுருவாது. மழைக்காலத்தில் கிணறு செம்மண் நிறமாகும்போது, மண் துகளின் மறைவில் இருக்கும் கிருமி தப்பிவிடும். அதனால் விளக்குக்கு முன்னால் உள்ள வடிகட்டியையே நான் பெரிதாக நினைக்கிறேன். அது சிவந்ததும் மாற்றிவிடுவேன், சர்வீஸ் தேதிக்குக் காத்திருப்பதில்லை. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை மறித்துவிடும் என்பதால் விளக்கைச் சுற்றிக் குவார்ட்ஸ் குழாய் இருக்கிறது. நம் நீரில் உள்ள இரும்பு அதன்மேல் பழுப்பாகப் படியும். சர்வீஸுக்கு வருபவரிடம் குழாயைக் கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள். மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்து கேட்டால் கொடுக்காதீர்கள்.

விளக்கு நீலமாக எரிகிறதே என்று நம்பிவிடவும் கூடாது. கண்ணுக்குத் தெரியும் நீலம் கிருமியைக் கொல்வதில்லை. கொல்லும் கதிர் கண்ணுக்குத் தெரியாது, அது மெல்லத் தேய்கிறது. இவ்வகை விளக்கின் ஆயுள் சுமார் 9,000 மணி நேரம். இடைவிடாமல் எரிந்தால் ஓர் ஆண்டுக்குச் சற்று மேல். எரிந்தாலும் எரியாவிட்டாலும் நாங்கள் ஆண்டுதோறும் மாற்றுகிறோம்.

குளோரினைப்போல் இது நீரில் தங்கிக் காவல் இருக்காது. பிடித்த நீரை மூடிவைத்து அன்றன்றே குடித்துவிட வேண்டும். மின்சாரம் போனால் இயந்திரமும் நின்றுவிடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி அடித்து ஊரே இருண்டபோது விறகடுப்பில் கொதிக்கவைத்துத்தான் குடித்தோம். அதனால் கொதிக்கவைக்கும் பாத்திரத்தை இன்னும் பரணில் ஏற்றவில்லை.

எரியும் விளக்கை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. கண்ணையும் தோலையும் அது புண்ணாக்கும். மாற்றிய பழைய விளக்கில் பாதரசம் இருக்கிறது. தென்னந்தோப்புக் குழியில் எறியாமல், உடையாதபடி சுற்றிச் சர்வீஸ்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.