ஜீரோ கிராவிட்டி கட்டில்: ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குச் சரிப்படுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மல்லாந்து படுத்தே தூங்குபவர் என்றால் இந்தக் கட்டிலைத் தாராளமாக வாங்கலாம். ஒருக்களித்துப் படுப்பவர் என்றால் கொஞ்சம் பொறுங்கள், கட்டிலைவிட அதன்மேல் போடப்போகும் மெத்தையைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கும். நான் இரண்டாவது ரகம், குறுக்குவலியும் தோள்பட்டை வலியும் வேறு உண்டு, அதனால் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தலைப்பக்கமும் கால்பக்கமும் தனித்தனி மோட்டாரில் ஏறி இறங்கும் கட்டில் இது. பல கம்பெனிகள் இதே அமைப்பை வெவ்வேறு பெயரில் விற்கின்றன, நான் சொல்லப்போகும் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்த வகைக்கே பொதுவானவை, ஆகவே பெயரை விட்டுவிடுகிறேன். ரிமோட்டில் ‘ஜீரோ கிராவிட்டி’, அதாவது எடையற்ற நிலை, என்று ஒரு பட்டன் இருக்கிறது. அமுக்கினால் முதுகுப்பக்கம் சரிவாக உயர்கிறது, முழங்காலுக்கு அடியில் மெத்தை மேடாகிறது, பாதங்கள் நெஞ்சு மட்டத்துக்கு ஏறி நிற்கின்றன.

இந்தப் பெயருக்குப் பின்னால் உண்மையாகவே ஒரு கதை இருக்கிறது. 1973, 74-இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தில் தங்கியிருந்த வீரர்கள் உடம்பைத் தளர்த்திவிட்டபோது அது தானாகவே ஒரு நிலைக்குப் போனது. இடுப்பும் முழங்காலும் பாதி மடங்கி, கைகள் முன்னால் மிதந்து, தலை லேசாகக் கவிழ்ந்து. நாசா அதை அளந்து பார்த்தது, உடம்புக்கும் தொடைக்கும் நடுவே ஏறத்தாழ 128 டிகிரி, முழங்காலில் ஏறத்தாழ 133 டிகிரி என்று தன் வடிவமைப்பு விதிகளிலும் சேர்த்துக்கொண்டது. தசைகள் ஒன்றையொன்று இழுக்காமல் சமமாக நிற்கும் நிலை அது. கட்டில் செய்பவர்கள் எடுத்துக்கொண்டது இந்தக் கோணத்தைத்தான். ஆனால் அந்த வீரர்களின் உடம்பு எதன்மேலும் படாமல் மிதந்தது, நம் உடம்பு முழு எடையோடு மெத்தைமேல் கிடக்கிறது. கோணம் வந்துவிட்டது, எடை போகவில்லை. இதை மறந்துவிட்டால் விளம்பரத்தைப் படித்து ஏமாந்துபோவோம்.

சரி, மல்லாந்து படுத்தால் எப்படி இருக்கிறது? அருமையாக இருக்கிறது, இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கட்டில் சமமாக இருக்கும்போது மல்லாந்து படுத்து, உள்ளங்கையை இடுப்புக்கு அடியில் நுழையுங்கள், பலருக்குக் கை சுலபமாகப் போய்விடும், அந்த அளவுக்கு அங்கே இடைவெளி இருக்கும். கையை எடுக்காமல் முழங்கால் பக்கத்தை மட்டும் மெதுவாக உயர்த்துங்கள். தொடை மடங்க மடங்க முதுகு இறங்கிவந்து கைமேல் உட்காருகிறது, கடைசியில் கையை உருவி எடுக்கவே சிரமப்பட வேண்டியிருக்கிறது. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்து தொடை எலும்புக்குப் போகும் தசை ஒன்று உண்டு, கால் நீட்டியிருக்கும்போது அது குறுக்கை முன்னால் இழுத்து வில்லாக வளைக்கும், கால் மடங்கினால் இழுப்பு விட்டுப்போகும். குறுக்குவலிக்காரர்கள் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு படுப்பது இதற்காகத்தான். தலையணை நடுராத்திரியில் எங்கேயாவது ஓடிவிடும், கட்டில் ஓடாது, அதுதான் வித்தியாசம்.

ஒரு குறை உடனே தெரிந்தது. அந்தப் பட்டனை அமுக்கினால் தலைப்பக்கமும் கால்பக்கமும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன, முழங்கால் மேடு உருவாவதற்குள் முதுகு உயர்ந்துவிடுவதால் உடம்பு கீழே வழுக்குகிறது, சட்டை முதுகில் சுருண்டு ஏறுகிறது, தோல் இழுபடுகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அனுபவமுள்ள நர்ஸ்கள் முதலில் முழங்காலைத் தூக்கிவிட்டு அப்புறம்தான் தலையைத் தூக்குவார்கள், நோயாளி சரியாமல் இருக்க. அதே வரிசையில் கையால் இயக்கினால் இந்தக் கட்டிலிலும் துளிகூட வழுக்கல் இல்லை. இதை ஏன் பட்டனிலேயே அமைத்துத் தரவில்லை என்று புரியவில்லை.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். தூங்க ஆரம்பிக்கும்போது மல்லாந்துதான் படுக்கிறேன், ஆனால் தூக்கம் பிடித்ததும் உடம்பு தன்பாட்டுக்குப் புரண்டுவிடுகிறது. எல்லோருக்கும் அப்படித்தான், ஒரே இடத்தில் எடை அழுந்திக்கொண்டே இருந்தால் அங்கே ரத்த ஓட்டம் குறையும், அதனால் ராத்திரியில் பலமுறை நாம் அறியாமலே நிலை மாற்றுகிறோம். மடங்கிய கட்டிலில் இந்தப் புரளல் லேசில் நடப்பதில்லை. இடுப்பு ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது, இரண்டு பக்கமும் மேடு. எப்படியோ புரண்டு ஒருக்களித்துவிட்டாலும் தோள் சரிவில் மேலே, இடுப்பு பள்ளத்தில் கீழே, முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து நிற்கிறது. முன்னும் பின்னும் மடங்குவதற்காகப் போட்ட கோணம், பக்கவாட்டில் படுத்ததும் அப்படியே கோணலாகிவிடுகிறது. காலையில் எழுந்தால் ஒரு பக்க விலாவுக்குக் கீழே பிடிப்பு.

அப்படியானால் மல்லாந்து படுக்கப் பழகிக்கொள்ளுங்கள் என்று விற்பனையாளர்கள் சொல்கிறார்கள், இயற்கையான நிலை அது ஒன்றுதான் என்பதுபோல. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 1999-இல் ஜெர்மனியில் ஒருவரின் கீழ்முதுகு டிஸ்க்குக்குள் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் வட்டு) அளவிடும் கருவியை வைத்து அழுத்தத்தைப் பதிவு செய்தார்கள். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு), மல்லாந்து படுத்தால் 0.10, குப்புறப் படுத்தால் 0.11, ஒருக்களித்தால் 0.12. ஒரே ஒருவரிடம் எடுத்த அளவுதான், ஆனாலும் நிற்பதற்கும் படுப்பதற்கும் உள்ள தூரத்தோடு ஒப்பிட்டால் படுக்கும் நிலைகளுக்குள் பெரிய வேறுபாடே இல்லை. ஒருக்களித்துப் படுப்பதில் நன்மைகளும் உண்டு. மல்லாந்தால் நாக்கு பின்னால் சரிந்து குறட்டை விடுபவர்கள் பக்கம் திரும்பினால் அடங்குகிறார்கள் (தூக்கத்தில் மூச்சே நின்றுபோகிறவர்கள் கட்டிலை நம்பாமல் டாக்டரைப் பாருங்கள்). ராத்திரி நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இடதுபக்கம் படுப்பது நல்லது, தலைப்பக்கம் உயர்வதும் நல்லது, அந்த வகையில் இந்தக் கட்டில் அவர்களுக்கு உதவும்.

நான் கடைசியில் கண்டுகொண்ட வழி இது. தூக்கம் வரும்வரை ஜீரோ கிராவிட்டி, கண் சொக்கும்போது முழங்கால் பக்கத்தை முழுவதும் இறக்கிவிட்டு, தலைப்பக்கத்தை மட்டும் மிகக் கொஞ்சமாக உயர்த்தி வைப்பது. இந்த நிலையை ரிமோட்டில் நினைவில் வைத்துக்கொள்ளலாம், நல்ல வசதி. ஆனால் பாதி வேலையைச் செய்தது மெத்தைதான். ஒருக்களித்துப் படுக்கும் உடம்பைப் பின்னாலிருந்து பாருங்கள், தோளும் இடுப்பும் துருத்திக்கொண்டிருக்கும், நடுவில் இடை உள்வாங்கியிருக்கும். மெத்தை தோளையும் இடுப்பையும் உள்ளே விட வேண்டும், அதே சமயம் இடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். கட்டிலோடு முதலில் வந்தது கெட்டியான ஃபோம், தோள் உள்ளே இறங்கவே இல்லை, அடியில் மாட்டிய கை மரத்துப்போகும். மேலே மென்மையான லேடெக்ஸ் (ரப்பர் நுரை) அடுக்கு உள்ள மெத்தைக்கு மாறிய பிறகு தோள் உள்ளே போகிறது, கையும் மரப்பதில்லை. முதுகுவலிக்குக் கெட்டி மெத்தைதான் மருந்து என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம், ஆனால் 2003-இல் லேன்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 313 நாள்பட்ட குறுக்குவலிக்காரர்களுக்கு 90 நாள் கொடுத்துப் பார்த்ததில் கெட்டி மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தைதான் நன்றாக வேலை செய்தது.

மெத்தை மாறினால் தலையணையும் மாற வேண்டும், இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. காதுக்கும் தோளின் வெளி ஓரத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை நிரப்புவதுதான் தலையணையின் வேலை. தோள் மெத்தைக்குள் இறங்கினால் அந்த இடைவெளி குறைகிறது, பழைய உயரத் தலையணை கழுத்தை மேலே தள்ளிவிடும். முழங்கால்களுக்கு நடுவே சின்னதாக ஒன்று வைத்தால் மேல்கால் முன்னால் சரிந்து இடுப்பை முறுக்காது.

மற்றவை சுருக்கமாக. மோட்டார் சத்தம் பக்கத்தில் தூங்குபவரை எழுப்பும் அளவுக்கு இல்லை. விரிப்பு மூலையிலிருந்து அடிக்கடி கழன்று வருகிறது. இருவர் ஆளுக்கொரு பக்கம் தனித்தனியாக ஏற்றி இறக்க வேண்டும் என்றால் மெத்தை இரண்டாகப் பிரிந்தே இருக்க வேண்டும், நடுவில் இடைவெளி விழும். தடிமனான, ஸ்பிரிங்குகள் ஒன்றோடொன்று பின்னிய மெத்தை இதில் சரியாக மடங்காது, ஃபோம், லேடெக்ஸ், தனித்தனிப் பையில் அடைத்த ஸ்பிரிங் வகைகள் மடங்கும். மின்சாரம் போனால் கட்டில் மடங்கிய நிலையிலேயே நின்றுவிடும், பேட்டரியில் கீழே இறக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் பார்க்கப் போகும்போது மல்லாந்து படுத்து ஆகா என்று எழுந்துவிடாதீர்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நீங்கள் தூங்கும் பக்கமாகத் திரும்பி, வழக்கமான தலையணையோடு கொஞ்ச நேரம் கிடந்து பாருங்கள், கூட வந்தவரைப் பின்னாலிருந்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். கழுத்திலிருந்து இடுப்புவரை கோடு நேராக இருந்தால் மேலே பேசலாம். தயாரிப்பாளர்கள் யாராவது இதைப் படித்தால் இரண்டு வேண்டுகோள்: முழங்கால் முதலில் எழும்படி பட்டனை மாற்றுங்கள், கட்டிலைச் சமமாக்கும் பட்டனை விரலால் தடவினாலே தெரியும்படி புடைப்பாக வையுங்கள், அரைத்தூக்கத்தில் கண்ணைத் திறக்காமல் தேடும் பட்டன் அதுதான்.