வீட்டோடு சேர்ந்து ஆட எந்த வீ கேம் நல்லது?

வீட்டில் எல்லாரும் சேர்ந்து ஆட டிவியோடு இணைத்து ஆடும் நின்டெண்டோவின் வீ கருவிக்கு எந்த கேம் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது இதுதான்: உங்கள் வீட்டில் இதுவரை கன்ட்ரோலரைத் தொட்டே பார்க்காதவர் யார்? அம்மாவோ, மாமனாரோ, நாலு வயதுக் குழந்தையோ, அவரை மனதில் வைத்துத்தான் டிஸ்க் வாங்க வேண்டும். ஆடிப் பழகிய பிள்ளைகள் எதைக் கொடுத்தாலும் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். பழகாதவர் ஒருமுறை தடுமாறி, "எனக்கு இதெல்லாம் வராது, நீங்களே ஆடுங்க" என்று ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டால் அவரை மறுபடி எழுப்புவது கஷ்டம்.

2006 நவம்பரில் வந்த வீ, 10 கோடிக்கும் மேல் விற்றது. படத் தெளிவில் அதே காலத்து எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 இரண்டுக்கும் கீழேதான். எச்டி கூடக் கிடையாது. அதைத் தூக்கி நிறுத்தியது அந்த வெள்ளை ரிமோட். உள்ளே அசைவை அளக்கும் சென்சார், முனையில் ஓர் அகச்சிவப்பு கேமரா. டிவி மேல் வைக்கும் பட்டைக்கு சென்சார் பார் என்று பெயர் இருந்தாலும் அது எதையும் உணர்வதில்லை. அதன் இரு முனைகளிலும் கண்ணுக்குத் தெரியாத விளக்குகள் எரிகின்றன. அவற்றைப் பார்ப்பது ரிமோட்டில் இருக்கும் கேமரா. டிவிக்குப் பின்னால் ஜன்னல் இருந்து வெயில் அடித்தால் திரையில் கைக்குறி தாவித் தாவி ஓடுவது இதனால்தான்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. வீ கேம்கள் பெரும்பாலும் ரிமோட்டை மூன்று விதமாகப் பயன்படுத்தச் சொல்கின்றன: வீசுவது, திரையை நோக்கிக் குறிவைப்பது, படுக்கைவாட்டில் பிடித்துப் பட்டன் அழுத்துவது. வீசுவது யாருக்கும் வரும். குறிவைப்பது கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். பார்க்காமல் பட்டன் அழுத்துவதுதான் புதியவர்களுக்குப் பெரிய மலை. கீழே எந்த கேமை எதோடு ஒப்பிட்டாலும் என் அளவுகோல் இதுதான்.

வீ ஸ்போர்ட்ஸா, ரிசார்ட்டா?

வீ ஸ்போர்ட்ஸ், ஜப்பான் போன்ற ஓரிரு நாடுகளைத் தவிர, பெட்டியோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது. டென்னிஸ், பேஸ்பால், பவுலிங், கோல்ஃப், பாக்சிங் என்று ஐந்தே ஆட்டம். 2009இல் வந்த வீ ஸ்போர்ட்ஸ் ரிசார்ட்டில் 12 விளையாட்டுகள். வூஹூ என்ற தீவில் வாள்சண்டை, வில்வித்தை, டேபிள் டென்னிஸ், ஃபிரிஸ்பீ, துடுப்புப் படகு, சைக்கிள் என்று பட்டியல் நீளும். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் போட்டியே இல்லை.

நுட்பத்திலும் ரிசார்ட்தான் மேலே. அதற்கு மோஷன்பிளஸ் என்ற துணைக்கருவி கட்டாயம். கை திரும்புவதையும் சாய்வதையும் அளக்கும் கைரோஸ்கோப் அதில் இருக்கிறது. பழைய வீ ஸ்போர்ட்ஸ் டென்னிஸ், நீங்கள் கையை எப்போது வீசினீர்கள் என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கும். சோபாவில் சாய்ந்துகொண்டு மணிக்கட்டைச் சுண்டினாலும் பந்து பறக்கும். ரிசார்ட்டின் டேபிள் டென்னிஸில் மட்டையை எப்படிச் சாய்க்கிறீர்களோ அப்படியே திரையிலும் சாயும். வில்வித்தை இன்னும் அருமை. ரிமோட்டை வில்லைப் போல நிமிர்த்திப் பிடித்து, மறுகையில் இருக்கும் நன்சக்கை (ரிமோட்டில் செருகும் இரண்டாவது கைப்பிடி) நாண் இழுப்பதுபோலப் பின்னுக்கு இழுத்து, விரலை எடுத்தால் அம்பு போகும். குறிவைத்து நிற்கும்போது கை லேசாக நடுங்கினால் அந்த நடுக்கம் திரையிலும் தெரியும். பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வாள்சண்டை மட்டுமே ஒரு மாதத்துக்குப் போதும்.

ஆனாலும் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நான் முதலில் போடுவது பழைய வீ ஸ்போர்ட்ஸ், அதிலும் பவுலிங். என் அம்மா முதன்முதலாக ஆடியது அப்படியே நினைவிருக்கிறது. ரிமோட்டை நெஞ்சுக்கு நேரே நிமிர்த்திப் பிடித்து, அடியில் இருக்கும் பி பட்டனை ஆள்காட்டி விரலால் அழுத்தியபடி கையைப் பின்னால் கொண்டுபோய், முன்னால் வீசும்போது விரலை எடுக்க வேண்டும். அம்மா கை பின்னால் போகும்போதே விரலை எடுத்துவிட்டார். பந்து பின்பக்கமாகப் போய் விழ, அங்கே நின்றிருந்த பொம்மை மனிதர்கள் திடுக்கிட்டுத் துள்ளினார்கள். "பாட்டி, கை முன்னாடி வந்தப்புறம் விடு" என்றாள் என் மகள். நாலாவது முறை பந்து நேராக உருண்டு ஏழு பின் விழுந்தது. அதற்கப்புறம் "அடுத்து யாரு?" என்று அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ரிசார்ட்டிலும் பவுலிங் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, 100 பின் அடுக்கி வைத்து ஆடும் வகையும் இருக்கிறது. ஆனால் அது மணிக்கட்டுத் திருப்பத்தையும் அளப்பதால், கை கொஞ்சம் முறுக்கினாலும் பந்து வளைந்து ஓரத்துப் பள்ளத்தில் போய் விழும். தேர்ந்தவர்களுக்கு அது சுவை, முதல்நாள் ஆடுபவருக்கு அது சோர்வு. இன்னொரு வசதி, பவுலிங், கோல்ஃப் இரண்டையும் ஒரே ரிமோட்டைக் கைமாற்றி நாலு பேர் ஆடலாம். டென்னிஸுக்கு ஆளுக்கொரு ரிமோட் வேண்டும். பாக்சிங் மட்டும் எனக்கு ஏமாற்றம்தான். நன்சக்கும் வேண்டும், நாம் விடும் குத்து ஒன்று, திரையில் விழும் குத்து வேறொன்றாக இருக்கும்.

மாரியோ கார்ட், மாரியோ பிரதர்ஸ், கிர்பி

2008இல் வந்த மாரியோ கார்ட் வீ என்ற வண்டிப் பந்தய கேம் 3.7 கோடிக்கு மேல் விற்றது. ஒரு பிளாஸ்டிக் ஸ்டீயரிங் சக்கரம் கூடவே வரும். அதற்குள் எந்த மின்னணுவும் கிடையாது, ரிமோட்டைச் செருகும் கூடு மட்டும்தான். ஆனால் அந்தக் கூடுதான் புதியவர்களை உட்கார வைக்கிறது. கார் ஓட்டத் தெரியாதவர்களுக்கும் சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று தெரியும். வேகத்துக்கு ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் போதும். வளைவில் வண்டி தானாகச் சறுக்கித் திரும்பும் தானியங்கி டிரிஃப்ட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டால் வளைவுகளையும் சமாளித்துவிடுவார்கள். கடைசியில் ஓடுபவருக்கு நல்ல நல்ல பொருள்கள் கிடைக்கும்; புல்லட் பில் என்ற பெரிய தோட்டாவாக மாறிப் பறந்தால் பந்தயத்துக்குள் திரும்பி வந்துவிடலாம்.

குறையும் இருக்கிறது. கிராண்ட் பிரி எனப்படும் கோப்பைப் போட்டியை ஒருவர்தான் ஆட முடியும். சேர்ந்து ஆடுபவர்களுக்குத் தனிப் பந்தயமும் பேட்டில் முறையும்தான். குடும்பமாக ஆட வாங்கிய கேமில் கோப்பையைச் சேர்ந்து வெல்ல முடியாது என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. மூன்று நாலு பேர் ஆடும்போது திரை நாலாகப் பிரிந்து படத்தின் ஓட்டமும் குறைகிறது. சின்ன டிவி என்றால் கண்ணுக்குச் சிரமம். இணையவழி ஆட்டத்தை 2014 மே மாதத்திலேயே நிறுத்திவிட்டார்கள், வீட்டுக்குள் ஆடுபவர்களுக்கு அதனால் நஷ்டம் இல்லை.

நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீ இதற்கு நேர் எதிர். இதில் திரை பிரியாது. மாரியோ, லூயிஜி, டோட் என்ற காளான் தலைக் குட்டி மனிதர்கள் இருவர் என நாலு பேரும் ஒரே படத்துக்குள் ஓடுகிறார்கள். கேமாகப் பார்த்தால் வீயின் உச்சங்களில் ஒன்று. ஆனால் நாலு பேரும் ஒருவர்மேல் ஒருவர் மோதுவார்கள், ஒருவர் தலையில் ஒருவர் ஏறிக் குதிப்பார்கள், தூக்கிப் பள்ளத்திலும் எறியலாம். கல்லூரி நண்பர்கள் என்றால் அது கொண்டாட்டம். எட்டு வயது அண்ணனும் ஐந்து வயதுத் தம்பியும் என்றால் இரண்டாம் கட்டத்திலேயே அழுகை. பயந்தவர் ஏ பட்டனை அழுத்திக் குமிழிக்குள் போய் மிதக்கலாம், மற்றவர் வந்து உடைத்து விடுவிப்பார். சின்னப் பிள்ளைக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது அந்தக் குமிழியைத்தான். ஒரே இடத்தில் எட்டு முறை செத்தால் கேமே ஆடிக் காட்டும் சூப்பர் கைடும் உண்டு. ஆனால் தனியாக ஆடும்போது மட்டும்.

அப்போ ஐந்து வயதுக்கு எது? யோசிக்கவே வேண்டாம், கிர்பிஸ் எபிக் யார்ன். உலகமே நூலும் துணியும் பட்டனுமாகத் தைத்தது போல இருக்கும். ஜிப்பை இழுத்தால் மலை பிரியும், தொங்கும் நூலைப் பிடித்து இழுத்தால் துணி சுருங்கித் தூரத்து மேடு பக்கத்தில் வரும். இதில் சாவே கிடையாது. அடிபட்டால் சேர்த்த மணிகள் சிதறும், பள்ளத்தில் விழுந்தால் தூக்கி மேலே விட்டுவிடுவார்கள். அதனால் பெரியவர்களுக்கு அலுக்கும் என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எல்லா மணியையும் சேர்க்க முயன்று பாருங்கள், அப்போது தெரியும் கஷ்டம். இரண்டு பேர்தான் ஆடலாம் என்பது மட்டும் குறை. பட்டனே பிடிபடாத குழந்தை என்றால் சூப்பர் மாரியோ கேலக்ஸி. பெரியவர் ஓட, இரண்டாவது ரிமோட்டைப் பிடித்திருக்கும் குழந்தை திரையைச் சுட்டி நட்சத்திரத் துணுக்குகளைப் பொறுக்கும். தோற்பதற்கே வழியில்லை. ஆனால் உண்மையாகவே உதவுகிறது, குழந்தைக்கும் அது தெரியும்.

கூட்டம் கூடினால்

ஆறேழு பேர் கூடும் நாளுக்கு இரண்டு கேம்தான் என் கணக்கில் மோதுகின்றன. வாரியோவேர்: ஸ்மூத் மூவ்ஸில் ஒவ்வோர் ஆட்டமும் சில நொடிதான். ரிமோட்டை மூக்கில் வைத்து யானையாக, தலையில் வைத்து, தட்டேந்தியவர் போல என்று விதவிதமாகப் பிடிக்கச் சொல்லும். ஒரே ரிமோட்டைக் கைமாற்றி 12 பேர் வரை ஆடலாம். ஆனால் பலர் ஆடும் பகுதி முதலில் பூட்டியிருக்கும், தனியாக ஆடித்தான் திறக்க வேண்டும். விருந்தினர் வருவதற்கு முந்தின நாளே யாராவது உட்கார்ந்து அதை முடித்துவிடுங்கள்.

2010இல் வந்த வீ பார்ட்டியில் பகடை உருட்டும் பலகை ஆட்டம் சுமார்தான், நீளம் அதிகம். அதில் நான் திரும்பத் திரும்பப் போடுவது வேறு. ஒருவர் ரிமோட்டுகளை அறைக்குள் ஒளித்து வைப்பார். ரிமோட்டில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் அவ்வப்போது சத்தம் போடும். மற்றவர்கள் அதைக் கேட்டுத் தேட வேண்டும். டிவியை யாரும் பார்ப்பதில்லை. அலமாரிக்குப் பின்னால், மடித்து வைத்த போர்வைக்குள், எங்கிருந்தோ கேட்கும் அந்தச் சத்தத்துக்காக மொத்த வீடும் மூச்சுவிடாமல் நிற்கும். கேமே ஆடாத என் அப்பாதான் இதில் கெட்டிக்காரர். அவருக்குக் காது கூர்மை. வேகமும் சிரிப்பும் வேண்டுமென்றால் வாரியோவேர், மூன்று தலைமுறையும் சேர வேண்டுமென்றால் வீ பார்ட்டி. வீ பிளேயை ரிமோட்டோடு சேர்த்துக் கொடுத்தார்கள், கையில் இருந்தால் ஆடுங்கள், தேடிப் போய் வாங்க வேண்டாம்.

உடற்பயிற்சி, நடனம்

வீ ஃபிட்டோடு வரும் பேலன்ஸ் போர்டு நல்ல கருவி. நாலு சென்சார் உங்கள் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லும். பறந்து வரும் பந்தைத் தலையால் முட்டும் ஆட்டத்தில் பந்துக்கு நடுவே ஷூவும் பாண்டா தலையும் வந்து விழ, எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏறலாம், மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். அதோடு அது எடையையும் உயரத்தையும் வைத்து பிஎம்ஐ கணக்குப் போட்டு எல்லார் முன்னாலும் சொல்லிவிடும். வளரும் பிள்ளைக்கு "அதிக எடை" என்று ஓர் இயந்திரம் சொல்வதை நான் விரும்பவில்லை. பெரியவர் ஒருவர் காலையில் தனியாகப் பயன்படுத்தினால் சரி.

ஜஸ்ட் டான்ஸில் பட்டனே இல்லை. வலது கையில் ரிமோட், திரையில் ஆடுபவரைப் பார்த்து ஆடினால் போதும். அளப்பது அந்த ஒரு கையை மட்டும்தான், அதுவும் துல்லியமாக இல்லை. 2009இல் முதல் பாகம் வந்தபோது விமர்சகர்கள் அதைத்தான் குறை சொன்னார்கள். நடனமாடும் நாலு பேரில் ஒருவரும் மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை என்பதால் எனக்கு அது பெரிதாகப் படவில்லை. வீக்கு இந்தத் தொடர் 2019 வரை வந்துகொண்டே இருந்தது. முதல் பாகத்தை விட்டுவிட்டு இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்குங்கள், ஜோடியாக ஆடும் நடனங்கள் அதில்தான் வந்தன.

வாங்கும் வரிசை என்னைக் கேட்டால்: வீ ஸ்போர்ட்ஸ், மாரியோ கார்ட், பிறகு வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் கிர்பி, இல்லையென்றால் ரிசார்ட். நாலாவதாக வீ பார்ட்டி. மாரியோ பிரதர்ஸை எல்லாருக்கும் கை பழகிய பிறகு.

இப்போது எல்லாமே பழைய சரக்காகத்தான் கிடைக்கும் என்பதால் மூன்று விஷயம் பாருங்கள். வீ டிஸ்க்குகளுக்கு வட்டாரப் பூட்டு உண்டு. உங்கள் பெட்டி எந்த வட்டாரமோ அதே வட்டார டிஸ்க் வேண்டும். ரிசார்ட் வாங்கினால் ரிமோட்டில் மோஷன்பிளஸ் உள்ளேயே இருக்கிறதா, தனியாகச் செருக வேண்டுமா என்று கேட்டு வாங்குங்கள். மூன்றாவது, மணிக்கட்டில் மாட்டும் கயிறு. வீ வந்த ஒரே மாதத்தில், 2006 டிசம்பரில், கயிறு அறுந்து ரிமோட்டுகள் பறந்ததால் நின்டெண்டோ 32 லட்சம் கயிறுகளைத் தடித்த கயிறாக மாற்றிக் கொடுத்தது. பழைய ரிமோட்டில் கயிறு நைந்திருந்தால் பவுலிங் ஆடும் முன் புதிதாக மாற்றிவிடுங்கள், முக்கியமாக அதைப் பாட்டி கையில் கொடுப்பதற்கு முன்.