தானியங்கித் தீனிப் பெட்டி: கொட்டியது, ஆனால் முத்து தின்னவில்லை

பக்கத்து வீட்டு அக்கா ஐந்து நாள் வெளியூர் போனபோது முத்துவுக்காகத் தானியங்கித் தீனிப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்துவிட்டுப் போனார். முத்து ஆறு கிலோ எடையுள்ள கடுவன் பூனை. "எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும், நீ தண்ணீரை மட்டும் மாற்று" என்று சாவியைக் கையில் கொடுத்தார். அதனால் இந்தப் பெட்டியைப் பற்றி வாங்கியவரைவிட எனக்குத்தான் அதிகம் தெரியும்.

நேரம் தவறவில்லை. நாளுக்கு நான்கு வேளை, குறித்த அளவு. நடுவில் ஒரு மணி நேரம் மின்சாரம் போனபோது பேட்டரியில் ஓடியது. மூடியின் கொக்கியும் இறுக்கமானது.

குரல் பதிவு வசதிதான் என்னைக் கலங்க வைத்தது. தீனி விழும்போதெல்லாம் "முத்து, வா கண்ணா, சாப்பிடு" என்று அக்காவின் குரல் கேட்கும். முதல் நாள் மாலை நான் உள்ளே நுழைந்த நேரம் அது ஒலித்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து முத்து பாய்ந்து வந்தான். கிண்ணத்தின் பக்கம் போகவே இல்லை. பெட்டியைச் சுற்றி வந்தான், பின்புறத்தை முகர்ந்தான், பிறகு வாசற்கதவைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டான். வால் நுனி மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. காலைத் தீனியும் மதியத் தீனியும் அப்படியே கிடக்க, அவற்றின் மேல் மாலைத் தீனி குவிந்திருந்தது.

அக்காவின் கைப்பேசிக்கோ மூன்று முறையும் "உணவு வழங்கப்பட்டது" என்ற செய்தி போயிருக்கிறது. கொட்டியதற்குத்தான் கணக்கு, தின்றானா என்று பார்க்க வழியில்லை. கிண்ணம் நிரம்பியதும் அதற்குத் தெரியாது. கொட்டிக்கொண்டே போய், மறுநாள் காலை குழாய் வாயே அடைத்துக்கொண்டது.

இதைச் சின்னக் குறை என்று விட முடியாது. பூனை பட்டினி தாங்காது. இரண்டு மூன்று நாள் தின்னாமல் கிடந்தாலே உடல் கொழுப்பு ஈரலில் சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகலாம். பருத்த பூனைக்கு அபாயம் இன்னும் கூடுதல். கடுவனானால் மணல் தட்டையும் பார்க்க வேண்டும். அடிக்கடி போய் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அடைப்பாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். நல்லவேளை, முத்துவின் தட்டில் இரண்டு ஈர மணல் கட்டிகள் இருந்தன.

அக்காவிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டுக் குரலை நிறுத்தினேன். மணம் எழட்டும் என்று ஈர உணவை இளஞ்சூடாக்கி, தரையில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். இரண்டாம் நாள் மாலைதான் என் விரல் நுனியில் இருந்ததை நக்கினான். மூன்றாம் நாள் கிண்ணத்தில் பாதி காலியானது.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அளவாகத் தீனி போட வேண்டிய பூனைக்கு, ஆள் இருக்கும் வீட்டில், தாராளமாக வாங்கலாம். பூட்டிய வீட்டில் இதை மட்டும் நம்பி விட்டுப் போகாதீர்கள். தினம் இரண்டு முறை வந்து கிண்ணத்தையும் தட்டையும் பார்க்கிற ஒருவரிடம் சாவியைக் கொடுங்கள். குரல் பதிவைத் தொடவே வேண்டாம்.

அக்கா ஊரிலிருந்து வந்ததும் அந்தப் பதிவை அழித்துவிட்டார். இப்போது விடியற்காலைத் தீனிக்கு மட்டும் பெட்டி ஓடுகிறது. சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். என்னிடமே இருக்கட்டும் என்றார்.