மலையடிவாரத்தில் எடுத்த படங்கள்: ஏற்காட்டுக் குளிரிரவுக்கு ஒரு பரிந்துரை

மார்கழி இரவில் வீட்டை விட்டு நகர மனமில்லாதவர்களுக்குப் பழைய தமிழ்ப் படம் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால், பெரும்பாலோர் பீம்சிங்கின் பாசக் கதைகளையோ ஸ்ரீதரின் காதல் கதைகளையோதான் சொல்வார்கள். அவை நல்ல படங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் போர்வையைப் போர்த்திக்கொண்டு நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் இரவில் யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் கட்சி. அத்தகைய இரவுக்குத் தேவை மாறுவேடம், சதி, வாள்சண்டை, குகை, கொஞ்சம் நகைச்சுவை, நல்ல பாட்டு ஆகியவைதான். இவை அனைத்தையும் குறைவில்லாமல் தந்தவை நம் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்கள்.

திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்து சென்று ஜவுளித் தொழில்நுட்பம் படித்துத் திரும்பிய டி.ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் தொடங்கிய இந்த நிறுவனம், நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) இங்கிருந்துதான் வந்தது. கருணாநிதியும் கண்ணதாசனும் இங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். ஸ்டூடியோ இன்று இல்லை. அதன் நுழைவு வளைவு மட்டும் ஏற்காடு சாலையோரம் நிற்கிறது. மலையேறும் பேருந்துகளில் செல்வோர் அதைப் பார்த்திருப்பார்கள்; ஆனால் அங்கே எடுத்த படங்களில் ஒன்றையாவது முழுதாகப் பார்த்தவர்கள், குறிப்பாக நாற்பது வயதுக்குக் கீழே, மிகச் சிலரே இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் 'மந்திரி குமாரி'யைப் (1950) பாருங்கள். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி, முடியுமுன்பே அமெரிக்கா திரும்பிவிட, மீதியைச் சுந்தரம் முடித்த படம் இது. கதை வசனம் கருணாநிதி, மூலக்கதை குண்டலகேசி. சுவரொட்டிகளைப் பார்த்து இதை எம்.ஜி.ஆர். படம் என்று நினைத்து உட்காருபவர்கள் சற்று ஏமாறக்கூடும். தளபதி வீரமோகனாக அவர் கம்பீரமாகவே வருகிறார் என்றாலும், படத்தைத் தூக்கிச் சுமப்பவர்கள் ராஜகுருவின் மகன் பார்த்திபனாக வரும் எஸ்.ஏ. நடராஜனும் மந்திரியின் மகள் அமுதவல்லியாக வரும் மாதுரி தேவியும்தான். பகலில் குருவின் பிள்ளையாகவும் இரவில் கொள்ளைக்காரனாகவும் திரிகிற பார்த்திபன், கொள்ளையடிப்பதை ஒரு கலை என்று வாதாடும் இடத்தில் நடராஜனின் குரலில் உள்ள நக்கலைக் கவனியுங்கள். வசனத்தை உரக்கச் சொல்லாமல், சுவைத்துச் சொல்கிறார். ராஜகுருவாக எம்.என். நம்பியார் வருகிறார். பிற்காலத்தில் நாம் பழகிப்போன உள்ளங்கையைப் பிசையும் நம்பியார் அல்லர் இவர். அடக்கமாக, ஆபத்தாக இருக்கிறார்.

இந்தப் படத்தைக் குளிரிரவில் பார்க்கச் சொல்வதற்கு முதன்மையான காரணம் மலையுச்சிக் காட்சி. 'வாராய் நீ வாராய்' என்ற பாட்டைத் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் ஜி. ராமநாதன் இசையில் பாடியிருக்கிறார்கள். வானொலியில் கேட்டவர்கள் அதை இனிமையான காதல் பாட்டு என்றே நினைத்திருப்பார்கள். படத்தில் அது மனைவியைக் கொல்வதற்காகக் கணவன் அழைத்துச் செல்லும் வழியில் வருகிறது. போகும் இடம் வெகு தூரமில்லை என்று அவன் பாடும்போது அவனுக்கு அர்த்தம் தெரியும், நமக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. உச்சியை அடைந்ததும் உண்மையைச் சொல்கிறான். அவள் அழுது புலம்பாமல், சாவதற்கு முன் கணவனை மூன்று முறை வலம்வந்து வணங்க வேண்டும் என்று கேட்கிறாள். சுற்றி வந்தபடியே அவனைப் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறாள். முடிவைச் சொல்லிவிட்டேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். குண்டலகேசி கதை பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. தெரிந்த முடிவை நோக்கி அந்தப் பாட்டு மெல்ல மெல்ல நடப்பதில்தான் சுவை இருக்கிறது. ஏற்காட்டில் பகோடா பாயிண்டுக்கோ லேடீஸ் சீட்டுக்கோ பகலில் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தவர்கள், இரவில் இந்தக் காட்சியைப் பார்த்தால் கூடுதலாகவே உள்ளங்கால் கூசும்.

குறையும் இருக்கிறது. அரசவைக் காட்சிகள் சில நீள்கின்றன. அடுக்குமொழிக்குப் பழகாத காது அங்கே சோர்ந்துபோகும். அதே ஆண்டு டங்கன் இயக்கிய 'பொன்முடி', பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதை இலக்கிய ஆர்வத்துக்காகப் பார்க்கலாமே தவிர, கூடிச் சிரித்துப் பார்க்கும் இரவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த 'உத்தமபுத்திர'னும் (1940) அப்படித்தான்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் விவாதமே வேண்டாம். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) போதும். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் இது, கேவாகலர் என்ற வண்ணப்பட முறையில் எடுக்கப்பட்டது. இன்றைய கண்ணுக்கு அந்த வண்ணம் வெளுத்தும், சில இடங்களில் சிவப்பு மட்டும் தூக்கலாகவும் தெரியும். கதை எல்லோருக்கும் தெரிந்ததே என்றாலும், எம்.ஜி.ஆரின் சுறுசுறுப்பும், பானுமதியின் அலட்சியம் கலந்த அழகும், திருடர் தலைவனாக பி.எஸ். வீரப்பா வெடித்துச் சிரிக்கும் சிரிப்பும் சேர்ந்து படத்தைத் தொய்வில்லாமல் கொண்டுபோகின்றன. 'அண்டா காகசம், அபூ காகசம், திறந்திடு சீசேம்' என்று ஒருமுறை கேட்ட குழந்தை, மறுநாள் வீட்டில் உள்ள அலமாரிக் கதவுகளையெல்லாம் அப்படித்தான் திறக்கும். ஏ.எம். ராஜாவும் பானுமதியும் பாடிய 'மாசில்லா உண்மைக் காதலே' பாட்டுக்குப் பெரியவர்களும் தலையசைக்கலாம்.

மழையிரவுக்கு 'திகம்பர சாமியார்' (1950). வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவலைச் சுந்தரமே இயக்கினார். நம்பியார் இதில் கதாநாயகன். பத்துக்கும் மேற்பட்ட வேடங்களில் வருகிறார். வில்லன் நம்பியாரை மட்டும் அறிந்தவர்களுக்கு இது பெரிய ஆச்சரியம். தவறு செய்த வக்கீலிடமிருந்து உண்மையை வரவழைக்க, அவரை அடிக்காமல், தூங்கவே விடாமல் வைத்திருக்கும் பகுதி இன்று பார்த்தாலும் கூர்மையாக இருக்கிறது. அந்த ஆள் கண்ணைச் செருகிச் செருகித் தவிப்பதைப் பார்க்கும்போது, நள்ளிரவைத் தாண்டி விழித்திருக்கும் நமக்கும் கொட்டாவி வருவது தனி வேடிக்கை. இடையிடையே வரும் நடனங்கள் கதையோடு ஒட்டவில்லை. அந்த நேரத்தில் அடுப்படிக்குப் போய் மிளகுப்பொடி போட்டுப் பால் காய்ச்சிக்கொண்டு வந்துவிடலாம்.

சுந்தரம் 1963இல் மறைந்த பிறகு, அவர் மகன் ராமசுந்தரம் காலத்துப் படங்கள் வேறு வகை. 'வல்லவனுக்கு வல்லவன்' (1965) அவற்றுள் எனக்குப் பிடித்தது. அசோகன் கதாநாயகன், ஜெமினி கணேசனிடம் வழக்கமான காதல் மன்னனை எதிர்பார்க்காமல் உட்காருவது நல்லது. வேதாவின் இசை இந்தி மெட்டுகளை அப்படியே எடுத்துக்கொண்டது என்று குறை சொல்பவர்கள்கூட, டி.எம். சௌந்தரராஜன் 'ஓராயிரம் பார்வையிலே' பாடும்போது வாயை மூடிக்கொள்வார்கள். மனோரமா முதன்முதலாகக் கதாநாயகியாக நடித்த 'கொஞ்சும் குமரி'யும் (1963) இந்த நிறுவனத்தின் படமே. ஆவலுக்கு ஒருமுறை பார்க்கலாம்.

பார்க்கும் முறை பற்றியும் சொல்ல வேண்டும். இப்படங்கள் பெரும்பாலும் இரண்டரை மணி நேர அளவிலானவை என்பதால் எட்டு மணிக்கே தொடங்குவது நலம். இணையத்தில் ஒரே படத்துக்குப் பல பிரதிகள் கிடக்கின்றன. பாட்டுகளை வெட்டிவிட்ட பிரதிகளும், பழைய சதுரப் படத்தை அகலத்திரைக்காக இழுத்து எல்லோரையும் குண்டாக்கிவிட்ட பிரதிகளும் அவற்றில் உண்டு. தொடங்குமுன் ஓடும் நேரத்தை ஒப்பிட்டு, நீளமான பிரதியைத் தேர்ந்தெடுங்கள். ஒலி கரகரப்பாக இருந்தால் தொலைக்காட்சியில் பேஸை, அதாவது அடிக்குரல் ஒலியை, குறைத்துவிட்டாலே வசனம் பாதி தெளிந்துவிடும். மலைமேல் மழை பிடித்தால் மின்சாரமும் சிக்னலும் சொல்லாமல் போய்விடும். ஆகவே சேலத்தில் இருக்கும்போதே செல்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கொறிப்பதற்குத் தட்டுவடை செட் கொண்டுபோகிறவர்கள், தட்டுவடையையும் சட்னியையும் துருவிய பீட்ரூட் கேரட்டையும் தனித்தனியாகக் கட்டித்தரச் சொல்லி வாங்குங்கள். கடையிலேயே சேர்த்துக் கட்டினால் கொண்டையூசி வளைவுகளைத் தாண்டி மேலே போய்ச் சேர்வதற்குள் ஊறிப்போய்விடும்.