ரிச்சி தெருவில் 20,000 ரூபாய்க்குள் ஒரு கணினியும் ஒரு ஸ்டீரியோவும்

சென்னை அண்ணா சாலையிலிருந்து பிரியும் ரிச்சி தெருவிலும் அதையொட்டிய நரசிங்கபுரம் தெருவிலும், எழுதுவதற்கும் பாட்டுக் கேட்பதற்குமான சாதனங்களை 20,000 ரூபாய்க்குள் வாங்கிவிட எண்ணி மூன்று நாள் அலைந்தேன். கணினிக்கு இந்தத் தெருவை ஓரளவு கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். ஒலிக்கருவிகளுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், லெனோவோ திங்க்சென்டர் வகைச் சிறு கணினிகள் இங்கே அடுக்கடுக்காக இருக்கின்றன. இன்டெலின் ஆறாம் தலைமுறை ஐ5 செயலி கொண்ட கணினி, நான் கடைசியில் எடுத்ததைவிட மூவாயிரம் ரூபாய் மலிவாகவே கிடைத்தது. ஆனால் இன்டெல் செயலிகளில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றில் ஓரிரண்டைத் தவிர மற்றவற்றை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை என்பதாலும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதாலும், ஐ5-8500டி செயலியும் 8 ஜிபி ரேமும் கொண்ட ஒன்றை 11,500 ரூபாய்க்கு எடுத்தேன். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமே போதும் என்பவர்கள் அந்த மூவாயிரத்தை ஸ்பீக்கருக்கு ஒதுக்கலாம். பழைய 22 அங்குல மானிட்டர் 2,800 ரூபாய். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வாங்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை: ஒரு கடையில் புதியது என்று சொல்லித் தந்ததை அதன் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பார்த்தபோது, அது ஏற்கெனவே ஒன்பதாயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறொரு கடையில் பில்லுடன் 1,600 ரூபாய்க்கு வாங்கினேன்.

ஒலிப் பகுதியில்தான் வாட் கணக்கு ஆளை ஏமாற்றுகிறது. '5,000 வாட் பிஎம்பிஓ' (கண நேர உச்சத்தை ஊதிச் சொல்லும் விளம்பர அளவு) என்று அச்சிட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் பின்புறத் தகட்டில் மின்நுகர்வு 40 வாட் என்றிருந்தது. இது எப்படி என்று கேட்டேன், கடைப் பையன் சிரித்துக்கொண்டே அடுத்த மாடலைக் காட்டினார். அதைத் தவிர்த்து, டிபிஏ3116 சில்லு வைத்த ஆம்ப்ளிஃபயர் போர்டை 450 ரூபாய்க்கு எடுத்தேன். அதன் மேல் எழுதியிருக்கும் '50+50 வாட்', 21 வோல்ட்டும் 4 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கரும் இருந்தால்தான் கிடைக்கும். கடைக்காரர் சேர்த்துத் தரும் 12 வோல்ட் அடாப்டரில் 8 ஓம் ஸ்பீக்கரை ஓட்டினால் ஸ்பீக்கர் ஒன்றுக்குப் பத்து வாட்கூடத் தேறுவது கடினம். வீட்டில் சும்மா கிடந்த 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரை மாட்டினேன். ஏறக்குறைய இரண்டரை மடங்கு கிடைத்தது, என் சிறிய அறைக்கு அதுவே தாராளம்.

மரப்பெட்டியில் அமைந்த பழைய ஸ்பீக்கர் ஜோடி 2,600 ரூபாய். கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் பொடிந்திருக்கிறதா என்று விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தும், என் கைபேசியிலிருந்த நாதஸ்வரத்தைப் போட்டுக் கேட்டும்தான் பணம் கொடுத்தேன். இதற்கு முகம் சுளிக்காத கடை நான்காவதாகத்தான் கிடைத்தது.

வீட்டில் இணைத்ததும், மவுஸை அசைக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் கீச்சென்ற இரைச்சல் கேட்டது. 250 ரூபாய் கொடுத்து இந்த மாதிரி மின் இரைச்சலைத் தடுக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றை இடையில் செருகிய பிறகு அது அடங்கியது. ஆகமொத்தம் 19,200 ரூபாய். கடைகள் தருவது பெரும்பாலும் டெஸ்டிங் வாரண்டி (சோதித்துப் பார்க்கச் சில நாள் அவகாசம்) மட்டுமே என்பதால், நாள் கணக்கைப் பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போவது வீண். பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.